சதுர அடிக்கு ஒரு வாளி

எங்கள் தெருவில் ஒருத்தி இருக்கிறாள். டபுள் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள். சொந்தப் பெயர் ஒன்று அவளுக்கு உண்டு. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ தேடுகிறார்கள் போலிருக்கிறது என்று தானும் சேர்ந்து தேடுவாள்.

பதினோரு வருடத்துக்கு முன் அந்தப் பெயர் அவளுக்கு ஒட்டியது. ஒட்டும்போது பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். எதிர்வீடு. அச்சகம் ஒன்றில் பிழை திருத்துவது என் வேலை. அடுத்தவர்கள் தப்பில்தான் எனக்குச் சாப்பாடு. அதனால் அவள் செய்த தப்பை நான் கொஞ்சம் மரியாதையோடுதான் சொல்வேன்.

அப்போது அவள் ஒரு திரைச்சீலைக் கடையில் வேலை பார்த்தாள். வீடு வீடாகப் போய் ஜன்னலை அளந்து, எத்தனை கஜம் துணி வேண்டும் என்று சொல்கிற வேலை. அதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. வாசலில் நின்றபடியே, "உங்க ஹால் ஜன்னல் அஞ்சரை அடி இருக்கும்" என்பாள். டேப்பை விரித்தால் ஐந்தரையேதான் இருக்கும். திரைச்சீலைக்கு மடிப்பு வேண்டும், அதனால் ஜன்னல் ஆறடி என்றால் துணி பன்னிரண்டு அடி. பதினைந்து வருடம் இதையே செய்ததில், எதை அளந்தாலும் கை தானாக இரண்டால் பெருக்கிவிடும். அது அவள் விரல்களில் ஊறிப்போன பழக்கம்.

தனியாள். அவள் அக்காவும் அத்தானும் எங்கள் எதிர்மனையில் வீடு கட்டிக்கொண்டு வந்தபோது, மாடி அறையில் இவளும் வந்து சேர்ந்தாள். வந்து ஐந்து மாதமாகியும் தெருவில் யாரோடும் பழக்கம் இல்லை. காலையில் கழுத்தில் டேப்போடு போவாள், சாயங்காலம் கழுத்தில் டேப்போடு வருவாள். டாக்டர் என்று நினைத்து மூன்றாவது வீட்டுக்காரர் ஒருநாள் முழங்கால் வலிக்கு மருந்து கேட்டுவிட்டார்.

வீடு அழகாக வந்திருந்தது. வீட்டுக்கு முன்னால் இருந்த இடம்தான் அழகாக இல்லை. நாற்பதடி நீளம், இருபதடி அகலம். கட்டியவர்கள் உடைந்த செங்கல், காய்ந்த சிமெண்ட், ஒரு செருப்பு எல்லாவற்றையும் அங்கேயே பரப்பி மூடிவிட்டுப் போயிருந்தார்கள். அக்காவுக்குப் புல்தரை வேண்டும் என்று ஆசை. மூன்று தடவை விதை தூவினார். முளைத்தது எல்லாம் எறும்புப் புற்று. நர்சரிக்காரர் வந்து ஒரு கம்பியை ஊன்றிப் பார்த்தார். கம்பி இரண்டு விரற்கடைகூட இறங்கவில்லை.

"இதுல புல்லு வராதும்மா. மேல நல்ல மண்ணு ஆறு அங்குலம் போட்டுட்டு அப்புறம் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எவ்வளவு மண் வேண்டும் என்று கணக்குப் போடும் பொறுப்பு அத்தானிடம் போனது. அவர்தான் அந்த வீட்டில் அளவுகளுக்கு அதிகாரி. வீட்டில் மட்டுமல்ல, வெளியிலும்தான். கடைகளில் தராசும் படிக்கல்லும் சரியாக இருக்கிறதா என்று சோதித்து முத்திரை குத்துகிற அரசாங்க ஆய்வாளர். சர்க்கரை டப்பாவில் கரண்டி போட்டால்கூடத் தலையைத் தட்டிச் சமம் செய்துதான் எடுப்பார். ஞாயிற்றுக்கிழமை அளக்கிறேன் என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை, வீட்டு டேப் ஒரு நூல் அளவு கூடுதலாகக் காட்டுகிறது என்று சந்தேகம் வந்துவிட்டது. அலுவலகத்து டேப்போடு ஒப்பிட வேண்டும் என்றார். அடுத்த ஞாயிறு அலுவலகத்து டேப்பே சோதனைக்குப் போயிருந்தது. அதற்கடுத்த ஞாயிறு டேப் வந்தது, ஆனால் வெயில் அதிகம், இரும்பு டேப் வெயிலில் நீளும் என்றார். நாலாவது ஞாயிறு அவரே வெளியூர்ச் சோதனைக்குப் போய்விட்டார்.

அக்கா மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "அடியே, நீதானே தினமும் அளக்கறே. இறங்கி வந்து இதை அளந்து மண்ணுக்குச் சொல்லு. இவரு டேப்பைக் கல்யாணம் பண்ணிக்கட்டும்."

இவள் இறங்கி வந்தாள். கழுத்து டேப்பை எடுத்து, பத்து நிமிஷத்தில் நாற்பதுக்கு இருபது என்று அளந்து முடித்தாள். ஆழம் அரை அடி. நாற்பதை இருபதால் பெருக்கி, பாதியாக்கினால் நானூறு கன அடி. இது வரைக்கும் எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. பிறகு மண் டிப்போவுக்குப் போன் செய்தாள்.

அந்தப் பேச்சைப் பின்னால் இரண்டு பக்கமும் எனக்குச் சொன்னார்கள்.

"எத்தனை கன அடிங்க?" டிப்போக்காரர் கேட்டிருக்கிறார்.

"எண்ணூறு."

"வீட்டுக்குத்தானே கேக்கறீங்க? மைதானத்துக்கு இல்லையே?"

"வீட்டுக்குத்தாங்க. முன்பக்கம் மட்டும்."

"பெரிய வீடு போல."

"நடுத்தரம்தான்."

"சரி. லாரிக்கு இருநூறு. நாளைக்கு நாலு லாரி வரும். ஆளு வெச்சிருங்க."

வைத்துவிட்டாள். நானூறு எப்படி எண்ணூறு ஆனது என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. மடிப்புக்கு விட்டிருந்தாள்.

மறுநாள் காலை முதல் லாரி வந்தது. நல்ல கறுப்பு மண். கொட்டியதும் தெரு முழுக்க மழை பெய்த வாசம். நான் அச்சகத்துக்குக் கிளம்பியவள் நின்று மூக்கை நிறைத்துக்கொண்டேன். இரண்டாவது லாரியும் வந்தது, வேலைக்கு வந்த இரண்டு பேர் மண்ணை இழுத்துப் பரப்பினார்கள், முன்பக்கம் முழுக்க ஆறு அங்குலம் நிறைந்துவிட்டது. அக்கா வாசலில் நின்று ராணி மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது மூன்றாவது லாரி பின்பக்கமாக வந்து நின்றது. ஓட்டுநர் ஓர் அம்மாள், தலையில் துண்டு கட்டியவர். தலையை வெளியே நீட்டி இடத்தைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார்.

"இதை எங்கம்மா கொட்டறது?"

"ஏன், அதான் நிறைஞ்சிருச்சே" என்றார் அக்கா.

"எனக்குப் பின்னால இன்னொண்ணு வருது."

அக்கா மெதுவாகத் தங்கை பக்கம் திரும்பினார். தங்கை கையிலிருந்த குறிப்புப் புத்தகத்தைப் பார்த்தாள். அதில் எண்ணூறு என்று அவள் கையெழுத்திலேயே, அடியில் கோடும் போட்டு இருந்தது.

"சொல்லுங்கம்மா. வீட்டை மூடிப் புதைக்கறதா இருந்தா கதவைத் திறந்து வைங்க, ஹால்ல கொட்டிட்டுப் போயிடறேன்" என்றார் ஓட்டுநர் அம்மாள். ஹாலில் கொட்ட முடியாததால் தெருவில் கொட்டினார். நாலாவது லாரி அதன் மேலேயே கொட்டியது. கேட்டுக்கு முன்னால் ஆள் உயரத்துக்கு ஒரு மலை எழுந்தது. தபால்காரர் வந்து, மலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அந்த வீட்டுக் கடிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அத்தான் ஊரிலிருந்து திரும்பினார். கையில் பெட்டி. கேட்டைத் திறக்க முடியவில்லை. பெட்டியை முதலில் மேலே வைத்துவிட்டு, பிறகு தானும் ஏறினார். உச்சியில் கொஞ்ச நேரம் நின்றார். பளபளப்பான ஷூ கணுக்கால் வரை புதைந்திருந்தது. நாங்கள் எல்லோரும் அவரவர் வாசலில் ஏதோ வேலை இருப்பது மாதிரி நின்றோம்.

"இதை யாரு அளந்தது?" மேலிருந்தபடியே கேட்டார். அவர் கத்துகிற மனிதர் அல்ல. அதுதான் பயமாக இருந்தது.

"நான்தான் அத்தான்."

"நாப்பதுக்கு இருபது?"

"ஆமா."

"ஆழம் அரை அடி?"

"ஆமா."

"அப்போ நானூறுதானே வரும்?"

அவள் விரல்களை மடக்கினாள். நீட்டினாள். முகம் மாறியது. "மடிப்புக்கு விட்டுட்டேன் அத்தான்."

"என்னது?"

"கர்ட்டனுக்கு எப்பவும் டபுள் விடுவோம். மடிப்பு விழணும்ல. அந்தப் பழக்கத்துல…"

அத்தான் யோசித்தார். "மண்ணுக்கு எதுக்கும்மா மடிப்பு?" என்று உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்பவர் மாதிரிக் கேட்டார்.

மூன்றாவது வீட்டுக்காரருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு தெரு முழுக்கச் சிரித்தது. அக்காவும் சிரிக்காமல் இருக்க முயற்சி செய்து தோற்றார். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே அவள் டபுள் ஆகிவிட்டாள்.

ஆனால் அவள் சிரிக்கவில்லை. மாடிக்குப் போய் ஜன்னலில் உட்கார்ந்து அந்த மலையையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் என் ஜன்னலிலிருந்து பார்த்தேன். பதினைந்து வருடத்தில் அவள் அளவு ஒரு தடவையும் தப்பியதில்லையாம். அதுவும் முத்திரை குத்துகிறவர் வீட்டிலா தப்ப வேண்டும் என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

டிப்போக்காரரிடம் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டாள். தெருவில் கொட்டிய மண்ணை எடுக்க மாட்டோம், ஜல்லி கலந்துவிடும் என்றார். மறுநாள் காலை நகராட்சி மேற்பார்வையாளர் வந்து மலையை ஒரு சுற்றுச் சுற்றினார். "நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள தெரு காலியா இருக்கணும்" என்று சொல்லி எழுதியும் கொடுத்துவிட்டுப் போனார். அந்த இரண்டு லாரி மண்ணுக்கான பணத்தை அவள் தன் கையிலிருந்தே அக்காவிடம் கொடுத்துவிட்டாள். அதை இங்கே சொல்லிவிட்டு நகர்கிறேன். இனிமேல் அது அவள் மண்.

கடைக்கு இரண்டு நாள் விடுப்பு சொன்னாள். மண் அள்ளப் போகிறாள் என்று நினைத்தோம். டேப்பை எடுத்துக்கொண்டு முதல் வீட்டுக் கதவைத் தட்டினாள். அது என் வீடு.

"உங்க பின்பக்கம் தோட்டம் இருக்கா?"

"இருக்கே. பதினஞ்சு அடி நீளம். ஒண்ணும்தான் வளரலை."

"பார்க்கலாமா?"

அளந்தாள். பதினோரு அடிதான் இருந்தது. எட்டு வருடமாகப் பதினைந்தடித் தோட்டத்துக்குச் சொந்தக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். நாலு அடி ஒரே நிமிஷத்தில் போய்விட்டது.

"எல்லாரும் இப்படித்தாங்க சொல்வாங்க. ஜன்னலுக்கும் இதே கதைதான்" என்று சமாதானம் சொன்னாள். பிறகு தோட்டத்து மூலையில் இருந்த வாளியைப் பார்த்து நின்றுவிட்டாள். பூச்சு வேலைக்காரர்கள் விட்டுப்போன கறுப்பு வாளி. தண்ணீர் பிடித்து, என் பால் பாத்திரத்தால் மொண்டு அளந்தாள். பதினாலு லிட்டர். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள்.

"அரைக் கன அடி" என்றாள்.

"எது?"

"இந்த வாளி. ஒரு அடிக்கு ஒரு அடி இடம், ஆறு அங்குல ஆழம், அதுவும் அரைக் கன அடி. அப்போ ஒரு சதுர அடிக்கு ஒரு வாளி." வாளியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினாள். "இவ்வளவுதாங்க. இதுக்கா பெருக்கல், வகுத்தல் எல்லாம்?"

எனக்குக் கணக்கு வராது. ஆனால் இது புரிந்தது. என் தோட்டம் பதினோரு அடிக்கு நாலு அடி. நாற்பத்து நாலு வாளி. யாரிடமும் பேனா கேட்க வேண்டியதில்லை.

அன்று மத்தியானத்துக்குள் பதினாலு வீடும் போய் வந்துவிட்டாள். நானும் அச்சகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கூடவே போனேன். இந்த மாதிரி ஒரு வேடிக்கை எல்லா நாளும் அமைவதில்லை. பல் டாக்டர் தன் பெயர்ப் பலகையைச் சுற்றிப் பூப்பாத்தி வேண்டும் என்றார். "ஆழம் எவ்வளவு வேணும்?" என்று அவர் கேட்டதற்கு, "செடிக்கு வேர் எவ்வளவு நீளம் டாக்டர்? அது உங்களுக்குத்தானே தெரியணும்" என்றாள். அவருக்குப் பிடித்துப்போய் இருபது வாளி கேட்டார். மூன்றாவது வீட்டுக்காரர் தன் இடத்தைக் கையை விரித்துக் காட்டி, "ரெண்டு கார் நிக்கும்" என்றார். அளந்தால் ஒரு காரும் ஒரு சைக்கிளும் நிற்கிற இடம். மொட்டைமாடியில் முப்பத்திரண்டு தொட்டி வைத்திருந்த தையல்காரம்மாவுக்குச் சதுர அடி செல்லாது. அங்கே ஒரே ஒரு தொட்டியை நிரப்பிப் பார்த்து, வாளிக்கு மூன்று தொட்டி என்று முடிவு கட்டினாள்.

தெருக்கோடியில் ஓய்வு பெற்ற நூலகர் ஒருவர் இருந்தார். யார் தட்டினாலும் கதவைத் திறக்க மாட்டார். இவள் தட்டினாள். ஜன்னல் மட்டும் ஒரு கோடு திறந்தது.

"என்ன விக்கறீங்க?"

"ஒண்ணும் விக்கலை. மண்ணு சும்மா தர்றேன்."

"எதுக்கு?"

"தப்பா கணக்குப் போட்டுட்டேன்."

தாழ்ப்பாள் விலகியது. "இத்தனை வருஷத்துல தப்புன்னு சொல்லிக்கிட்டு இந்தக் கதவுக்கு வந்தது நீங்க ஒரு ஆள்தான்" என்றார். அறுபது சதுர அடி. அறுபது வாளி. கூடவே அவருடைய ஜன்னலுக்குத் திரைச்சீலையும் இல்லை என்பதைக் கவனித்துக்கொண்டாள்.

வாளிகள் கிளம்பின. பதினாலு வீட்டிலும் இருந்த வாளிகளை வரிசையாக வைத்து, என் கறுப்பு வாளியோடு ஒப்பிட்டு, ஒவ்வொன்றிலும் எங்கே வரை நிரப்ப வேண்டும் என்று சாக்கட்டியால் கோடு போட்டாள். யாருக்கு எத்தனை என்று ஜன்னல் அளவு எழுதும் புத்தகத்தில் குறித்தாள். மூன்றாவது வீட்டுக்காரர் முழங்கால் வலியோடு பதினெட்டு வாளி சுமந்தார். பல் டாக்டர் கையுறை போட்டுக்கொண்டு சுமந்தார். அத்தான் அலுவலகத்திலிருந்து வந்து, சட்டையை மடித்துவிட்டு, ஒவ்வொரு வாளியும் கோட்டுக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, மேல்மண்ணைத் தட்டிச் சமம் செய்து அனுப்பினார். இதனால் வேலை இரண்டு மணி நேரம் தாமதமானது. ஆனாலும் யாரும் அவரைத் தடுக்கவில்லை. அன்றைக்கு அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்.

மறுநாள் மத்தியானம் தெரு காலி. எண்ணூறு வாளி போயிருந்தது. கடைசித் துகளை அக்கா விளக்குமாற்றால் கூட்டித் தொட்டியில் போட்டார். மேற்பார்வையாளர் வந்து வெறும் தெருவைப் பார்த்துவிட்டு, வேறு தெருவுக்கு வந்துவிட்டோமோ என்று தெருப் பெயர்ப் பலகையைப் படித்தார்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் அவள் மறுபடி ஜன்னலுக்கே போயிருப்பாள். மழை விடவில்லை. அன்று சாயங்காலம் தொடங்கி மூன்று நாள் நின்று நிதானமாகப் பெய்தது. நாலாம் நாள் வெயில் வந்ததும் அத்தான் ஓர் அளவுகோலை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனார். ஓரத்தில் ஒரு குழி போட்டு ஊன்றினார்.

"நாலே முக்கால்" என்றார்.

"என்ன நாலே முக்கால்?" என்றார் அக்கா.

"ஆறு அங்குலம் போட்டது நாலே முக்கால் ஆயிடுச்சு."

அக்காவுக்கு வந்த கோபத்தை எழுத என் அச்சகத்தில் எழுத்து கிடையாது. ஊருக்கெல்லாம் வாரிக் கொடுத்துவிட்டுச் சொந்த வீட்டில் குறைவு. ரெண்டு மடங்கு வாங்கியும் பத்தாமல் போன ஒரே வீடு இந்த வீடுதான் என்றார். அவர் பேசி முடிப்பதற்குள் பல் டாக்டர் வந்தார், பாத்தி உள்வாங்கிவிட்டது என்று. தையல்காரம்மா மாடியிலிருந்தே, தொட்டியெல்லாம் அமுங்கிவிட்டது என்றார். நானும் என் பங்குக்குப் போய் நின்றேன். வேறு சமயமாக இருந்தால் போயிருக்க மாட்டேன். கூட்டம் இருந்ததால் போனேன்.

டபுள் எல்லோரையும் பார்த்தாள். அளவுகோலை அத்தானிடமிருந்து வாங்கி, எங்கள் வீடு, நூலகர் வீடு, டாக்டர் வீடு என்று ஒவ்வொன்றாக ஊன்றிப் பார்த்தாள். எல்லா இடத்திலும் ஏறக்குறைய நாலே முக்கால்தான். திரும்பி வரும்போது அவள் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு இருந்தது.

"எல்லா வீட்லயும் ஒரே மாதிரி இறங்கியிருக்கு அத்தான். அஞ்சுல ஒண்ணு. அப்போ இது தப்பு இல்லை. இது மண்ணோட குணம்."

"இறங்கும்னு டிப்போக்காரர் சொல்லலையா?"

"நான் கேக்கலையே."

அத்தான் தலையாட்டினார். பிறகு மெதுவாக, "அப்படின்னா மண்ணுக்கும் கொஞ்சம் மடிப்பு விடணும்னு சொல்லு" என்றார். அவர் சிரிக்க வைக்கச் சொன்னாரா, நிஜமாகவே கணக்குச் சொன்னாரா என்று யாருக்கும் தெரியவில்லை.

நாலு பங்குக்கு ஒரு பங்கு கூடப் போட்டால்தான் மழைக்குப் பிறகு கணக்கு நிற்கும். அவள் உட்கார்ந்து போட்டுப் பார்த்தாள். அக்கா வீட்டுக்கு நூறு கன அடி, மீதித் தெருவுக்கு நூறு. சரியாக ஒரு லாரி. டிப்போவுக்குப் போன் செய்தாள்.

"இன்னும் ஒரு லாரியா? மைதானம் இல்லைன்னு சொன்னீங்களேம்மா" என்றார் டிப்போக்காரர்.

இந்தத் தடவை அவரே லாரியோடு வந்தார். இருபது வருடமாக மண் விற்கிற மனிதர். எண்ணூறு கன அடி விழுங்கிவிட்டு இன்னும் கேட்கிற வீடு எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை. வந்து பார்த்தால் சாதாரண வீடு. ஆனால் தெரு முழுக்க வாசலுக்கு வாசல் கறுப்பு மண். டபுள் புத்தகத்தைப் பார்த்துப் பெயர் கூப்பிட, ஆட்கள் வாளியோடு வரிசையில் வந்து வாங்கிப் போனார்கள். பதினொன்று, பதினைந்து, ஐந்து என்று ஆளுக்குத் தக்க எண்ணிக்கை. லாரி காலியாகிற வரைக்கும் அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கடைசி வாளி எடுத்தபோது லாரியில் ஒரு கைப்பிடி மிச்சம் இருந்தது.

"இது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?" என்று கேட்டார்.

"சதுர அடிக்கு ஒரு வாளிங்க. நாலுக்கு ஒண்ணு கூட."

அவர் லாரியின் படியில் உட்கார்ந்துவிட்டார். "என்கிட்ட போன் எடுக்கிற ஆளு, எவ்வளவு வேணும்னு கேட்டா, எவ்வளவு வேணும்னு திருப்பிக் கேக்கிறான். வாரத்துக்கு நாலு சண்டை. கூடிப்போச்சுன்னு ரெண்டு பேரு, குறைஞ்சுபோச்சுன்னு ரெண்டு பேரு. நீங்க வந்து உக்காருங்கம்மா."

"நான் கர்ட்டன் கடையில இருக்கேன்."

"மத்தியானத்துக்கு மேல வாங்க."

"டிப்போல ஜன்னல் இருக்கா?"

"ஒண்ணு இருக்கு. ஏன்?"

"அதுக்கு ஒரு கர்ட்டன் போட்டாதான் வருவேன். மண்ணு பறந்து கண்ணுல விழும்."

போட்டார்கள். அவளே தைத்தாள். அரை நாள் வேலை ஆறு மாதத்தில் முழு நாள் ஆனது. திரைச்சீலைக் கடைக்காரர் அவளை அனுப்பும்போது ஒரு புது டேப் கொடுத்து, "மண்ணு டேப்பைத் துணி மேல வைக்காதீங்க" என்று மட்டும் சொன்னாராம்.

சில நாள் சாயங்காலம் நான் டிப்போவுக்குப் போய் அவள் போனில் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். ஆட்கள் அளவு சொல்கிற விதம் தனி உலகம். "ஓரளவு பெரிய இடம்ங்க" என்பார்கள். அவள், "உங்க படுக்கையறையை விடப் பெரிசா, சின்னதா?" என்று கேட்பாள். "சின்னதுதான்." "சரி, உங்க கட்டில் மாதிரி எத்தனை போடலாம்?" கட்டில் கணக்கில் மூன்று கட்டில், நாலு கட்டில் என்று அவர்களே அளந்துவிடுவார்கள். ஒரு ஆள் தன் தோட்டம் நூறடி என்று சாதித்தார். "நூறடி தூரத்துல உங்க வீட்டம்மாவை நிக்க வெச்சுக் கூப்பிடுங்க, கேக்குதான்னு பாருங்க" என்றாள். சிறிது நேரத்தில் போன் திரும்ப வந்தது. "அம்பதுன்னு போட்டுக்கோங்க."

அத்தானும் விடவில்லை. அவளுடைய வாளியை ஒருநாள் அலுவலகத்துக்கு எடுத்துப்போய் முறையாகச் சோதித்தார். விளிம்பு வரை நிரப்பினால் அரைக் கன அடிக்கு ஒரு கைப்பிடி குறைவு. மேலே கொஞ்சம் குவித்து வைத்தால் சரி. அந்தக் குவியல் எவ்வளவு இருக்க வேண்டும் என்று வாளி மேல் வைத்துப் பார்க்க ஓர் அட்டையை வளைவாக வெட்டிக் கொடுத்தார். அதிகாரப்பூர்வ முத்திரை வாளிக்குக் குத்த விதியில்லை என்று வருத்தப்பட்டார். அக்காவின் புல்தரை இரண்டாவது வருடம் நன்றாகப் பிடித்துக்கொண்டது. அதில் யார் நடக்கலாம் என்பதில் அந்த வீட்டில் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. பூனை மட்டும் யாரையும் கேட்பதில்லை.

போன மாதம் நடந்தது இது. டிப்போவுக்கு ஒரு போன். பியானோக்களுக்குச் சுருதி சேர்க்கிற தொழில்காரர். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். வீட்டுப் பின்பக்கம் வெறுங்காலில் நடக்கப் புல்தரை வேண்டும் என்றார். தனியாக இருக்கிறார், அளக்க ஆள் இல்லை.

"நேர்ல வந்து அளக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"வேண்டாம். நீங்க கேளுங்க, நான் அளக்கறேன்."

"உங்க செருப்பு எத்தனை அங்குலம்?"

"பத்து. அது எனக்குத் தெரியும், கடைக்காரன் ஒவ்வொரு தடவையும் சொல்லுவான்."

"சரி, சுவரோரமா நின்னு, பாதத்துக்கு முன்னால பாதம் வெச்சு நடங்க. எண்ணிக்கிட்டே போங்க."

அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார். இவள் இங்கே காதில் வைத்துக்கொண்டு அவர் எண்ணுவதைக் கேட்டாள். ஒரு பக்கம் முப்பத்தாறு. குறுக்கே பதினெட்டு. முப்பதடிக்குப் பதினைந்தடி. "இப்போ உங்க கைத்தடியை ஊன்றிப் பாருங்க. எத்தனை விரல் இறங்குது?" கொஞ்சம் நல்ல மண் ஏற்கனவே இருந்தது. மேலே நாலு அங்குலம் போதும். நூற்றைம்பது கன அடி, இறங்குவதற்கு நாலில் ஒரு பங்கு கூட, ஒரு லாரிக்குக் கொஞ்சம் உள்ளே. நாற்பது நிமிஷம் ஆனது. டிப்போக்காரர் நடுவில் இரண்டு தடவை வந்து, வேறு போன் வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மண் போய்ச் சேர்ந்தது, பரப்பினார்கள், மழையும் ஒன்று பெய்தது. சனிக்கிழமை எனக்கு விடுமுறை என்பதால் அவள் ஸ்கூட்டரில் நானும் தொற்றிக்கொண்டேன். சமமாக, நூல் பிடித்த மாதிரி இருந்தது. அவள் குனிந்து, கண்ணைத் தரையோடு வைத்துப் பார்த்தாள். எழுந்து கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

"மட்டமா இருக்குங்க" என்றாள்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். மெதுவாக, ஒவ்வோர் அடியிலும் கொஞ்சம் நின்று. பாதி வழியில் நின்று திரும்பினார்.

"இடது பக்கம், சுவர்லேர்ந்து ஆறாவது அடியில கொஞ்சம் தாழ்வு."

"எனக்குத் தெரியலையே."

"செருப்பைக் கழட்டிட்டு வந்து பாருங்க."

அவள் கழற்றினாள். அவர் நின்ற இடத்துக்குப் போய் ஈர மண்ணில் காலை வைத்து, முன்னும் பின்னுமாக நாலு தடவை நடந்தாள். ஐந்தாவது தடவை நின்றுவிட்டாள்.

"ஆமா" என்றாள். "எத்தனை வாளி வேணும்னு நினைக்கறீங்க?"

அவர் குதிகாலால் சுற்றிலும் தடவிப் பார்த்தார். "ஏழு."

அவள் டிப்போவிலிருந்து மறுநாளே ஏழு வாளி மண்ணை ஸ்கூட்டரில் இரண்டு நடையாகக் கொண்டுபோய்ப் போட்டாள். அவர் நடந்து பார்த்துவிட்டுச் சரி என்றார்.